சிம்மியாஸின் ஐயம்

கி.மு. 399-ஆம் ஆண்டில், ஏதென்ஸ் நகரச் சிறையில் ஸாக்ரடீஸ் நஞ்சு அருந்த வேண்டிய நாளன்று அவரைச் சூழ்ந்திருந்த நண்பர்களுள், தீப்ஸ் நகரத்திலிருந்து வந்திருந்த சிம்மியாஸ் என்பவன், அந்த வேளையில் கேட்பதற்கு எவருக்கும் நா எழாத ஒரு கேள்வியைத் தயங்கித் தயங்கிக் கேட்டதாகப் பிளேட்டோ தம்முடைய 'பீடோ' என்னும் சம்வாதத்தில் எழுதிவைத்திருக்கிறார். ஆன்மா கட்புலனாகாதது, உருவற்றது, தெய்விகத் தன்மை வாய்ந்தது, ஆதலால் ஸ்தூல சரீரம் வீழ்ந்த பின்னும் அதற்கு அழிவில்லை என்று குருநாதர் சாதித்துக்கொண்டிருந்தார். சிம்மியாஸோ சுருதி கூட்டிய யாழ் ஒன்றைத் திருஷ்டாந்தமாக எடுத்துக்கொண்டான்: யாழின் மரமும் நரம்பும் மண்ணின்பாற்பட்ட ஜடப் பொருள்கள், அதில் கூடியிருக்கும் சுருதியோ கண்ணுக்குத் தெரியாதது, எடையற்றது, அழகே வடிவானது, அப்படியிருந்தும் ஒருவன் யாழை உடைத்து நரம்புகளை அறுத்தெறிந்துவிட்டால், மரத்துண்டுகள்தாம் சில காலம் கிடந்து மக்குகின்றனவேயன்றி, சுருதி அந்தக் கணத்திலேயே இல்லாமற் போகிறது, சூடும் குளிர்ச்சியும் ஈரமும் வறட்சியும் உடம்பில் உரிய அளவிற் கலந்து நிற்பதனால் விளையும் ஒரு சுருதிதான் ஆன்மா என்றால், உடம்பு குலைந்த பின் அது எங்கே நிற்கும்?

இந்தக் கேள்வியைக் கேட்டு அங்கிருந்தவர்கள் மனம் கலங்கினார்கள். பின்னாளில் பிலியஸ் என்னும் ஊரில் இவ்வரலாற்றைச் செவிமடுத்துக்கொண்டிருந்த எக்கிக்ரட்டீஸ் என்பவனும், ஆன்மா ஒரு சுருதி என்னும் கொள்கை தன்னை நெடுங்காலமாகப் பிணித்து வைத்திருப்பது என்று கதையை நிறுத்திவிட்டுச் சொல்கிறான். நம்முடைய மணிமேகலையில் வருகிற பூதவாதியும் ஏறக்குறைய இதையே சொல்பவன்தான். தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் சேர்ந்த சேர்க்கையில் மதுவின் களிப்புப் பிறப்பதுபோலப் பூதங்களின் கூட்டத்தில் உணர்வு பிறக்கிறது என்பது அவன் வாதம். ஆனால் என் அபிப்பிராயத்தில் சிம்மியாஸின் உபமானம் பூதவாதியின் உபமானத்தைவிடச் சூட்சுமமானது. மதுவில் பொருள்கள் கரைந்து ஒன்றாகிவிடுகின்றன. யாழிலோ மரம் மரமாகவும் நரம்பு நரம்பாகவும் தனித்தனியே நின்று, ஒன்றையொன்று எதிர்த்து இழுத்துக்கொண்டிருக்கும்போதே அவற்றினிடையே சுருதி நிற்கிறது. உடம்பின் விவகாரமும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது என்பதை மறுக்க வழியில்லை.

இந்த ஐயத்தைப் புத்தகத்தில் படித்துப் புத்தகத்திலேயே விடை தேடிக்கொண்டிருந்த எனக்கு, அண்மையில் என் தங்கையின் மகன் புதிய பேஸ் கிட்டார் ஒன்று வாங்கி, அதை 'செட்டப்' செய்வதற்காக, அதாவது வாசிக்கத் தக்கபடி சீர்ப்படுத்துவதற்காக, ஒரு தொழிலாளியிடம் கொண்டுபோனபோது உடனிருந்து பார்க்கும் வாய்ப்புக் கிட்டியது. யாழின் சுருதியைப் பற்றிப் பேசிய தத்துவ ஞானிகள் பலரும் அதைக் கூடிய நிலையிற் கேட்டவர்களேயன்றிக் கூட்டிப் பார்த்தவர்கள் அல்லர் என்ற எண்ணம் எனக்கு அன்று உண்டாயிற்று. கூட்டுகிற வேலையை அருகிருந்து பார்க்கிறவனுக்குச் சிம்மியாஸின் உபமானம் முதலில் வலுப்பெறுகிறது, பிறகு வேறொரு பக்கம் திரும்பிக்கொள்கிறது.

பேஸ் கிட்டார் என்பது நான்கு தடித்த தந்திகளை உடைய, கிட்டாருக்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கிற வாத்தியம். இளையராஜாவின் பாடல்களைக் கேட்டு வளர்ந்த தமிழருக்கு அதன் குரல் பழக்கமானது. பாட்டின் அடியில் பாட்டுக்கு இணையாக இன்னொரு பாட்டு ஓடுவதுபோல் அவர் அமைத்த கீழ்ஸ்தாயி வரிகளை, வாத்தியத்தின் பெயர் அறியாதவர்களும் முணுமுணுக்கிறார்கள். இதன் இன்றைய வடிவம் அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாகாணத்து ஃபுல்லர்ட்டன் நகரில், 1951-ஆம் ஆண்டில் லியோ ஃபெண்டர் என்பவர் வெளியிட்ட 'பிரெசிஷன் பேஸ்' என்னும் வாத்தியத்திலிருந்து தொடங்கியது. ஆளுயரத்துக்கு நிற்கிற டபுள் பேஸைத் தூக்கிச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போன வாத்தியக்காரர்களுக்கு, தோளில் மாட்டிக்கொள்ளத் தக்கதாகவும், ஸ்வர ஸ்தானத்தைத் தடவித் தேட வேண்டாதபடி ஃப்ரெட்டுகள் பதித்ததாகவும், மின்சாரத்தினால் ஒலிபெருக்கத் தக்கதாகவும் அவர் அதைச் செய்துகொடுத்தார். இதில் வியப்பு என்னவென்றால், ரேடியோ பழுது பார்க்கும் தொழிலிலிருந்து வந்த அந்த மனிதருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. வாத்தியத்தைச் செய்தவன் ஒருவன், அதில் சுருதி கூட்டுகிறவன் இன்னொருவன், வாசிக்கிறவன் மூன்றாமவன் என்று மூவராகப் பிரிந்து நிற்பதை நம் சிருஷ்டி வாதிகள் பார்த்திருந்தால் ஒரு சூத்திரமாவது எழுதியிருப்பார்கள்.

கடையில் விலை கொடுத்து வாங்குவது மரத்தையும் இரும்பையும் செப்புக்கம்பிச் சுருளையும் தவிர வேறொன்றுமில்லை. உடல், அதனோடு திருகாணிகளால் பிணைத்த நெக் என்னும் கழுத்து, நெக்கின் மேல் பதித்த ஃப்ரெட்டுகள், தந்திகளைத் தாங்க ஒரு முனையில் நட், மறுமுனையில் ப்ரிட்ஜ், நடுவில் அதிர்வை வாங்கிக்கொள்ளும் பிக்-அப். அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்த புதிய வாத்தியம் தொழிற்சாலையில் ஒருமுறை சுருதி கூட்டப்பட்டதாகவே இருந்தாலும், கப்பலிலும் கிடங்கிலும் பல மாதம் கிடந்து, ஒரு தேசத்தின் வறண்ட காற்றிலிருந்து சென்னையின் ஈரக் காற்றுக்கு வந்து சேர்வதற்குள் மரம் தன் இஷ்டப்படி வளைந்துகொண்டுவிடுகிறது. எங்கள் பேஸில் முதல் நான்கு ஃப்ரெட்டுகளில் தந்தி உரசிக் கறகறவென்று ஒலித்தது. மேல் ஃப்ரெட்டுகளிலோ தந்தி அழுத்த முடியாத உயரத்தில் நின்றது. வாங்கிய வாத்தியம் வாத்தியமாகவே இன்னும் ஆகவில்லை என்று சொல்லலாம்.

செட்டப் செய்கிற பெரியவர் முதலில் எந்தக் கருவியையும் கையில் எடுக்கவில்லை. "முதல்ல நீங்க எப்பவும் வாசிக்கிற மாதிரி வாசிங்க தம்பி, கை எவ்வளவு அழுத்தம்னு தெரியாம ஆக்‌ஷன் வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுச் சிறிது நேரம் பையனுடைய வலக்கை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆக்‌ஷன் என்றால் ஃப்ரெட்டுக்கு மேல் தந்தி நிற்கிற உயரம். அவர் சொன்ன வார்த்தையின் கனம் அப்போது எனக்குப் புலப்படவில்லை. அதைப் பின்னர் எடுத்துக்கொள்கிறேன்.

நான்கு தந்திகளும் சுருதிக்கு ஏறியிருக்கும்போது அவை நெக்கை இழுக்கிற இழுவை எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 80 கிலோ எடைக்குச் சமானம். வளர்ந்த மனிதன் ஒருவன் இராப்பகலாக அந்த மரத்தில் தொங்கிக்கொண்டிருப்பதாகவே வைத்துக்கொள்ளலாம். அந்த இழுவைக்கு எதிரிழுவையாக நெக்கின் உள்ளே ட்ரஸ் ராட் என்னும் எஃகுக் கம்பி ஒன்று ஓடுகிறது. கிப்ஸன் கம்பெனியில் வேலை பார்த்த தாடியஸ் மெக்ஹியூ என்பவர் 1920-களின் தொடக்கத்தில் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதன் முனையிலுள்ள திருகைக் கால் சுற்று முடுக்கினால் நெக் பின்னோக்கி நிமிர்கிறது. தளர்த்தினால் தந்தியின் இழுவைக்கு இணங்கி முன்னோக்கிக் குனிகிறது. முற்றும் நேராக நிற்பது நல்லதென்று எனக்குத் தோன்றியது. அவரோ, அதிர்கிற தந்தி நடுவில் அகன்று ஆடுவதற்கு இடம் வேண்டுமாகையால் நெக்கில் மயிரிழை போன்ற ஒரு குழிவு இருந்தே தீர வேண்டும் என்றார். முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் தந்தியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஏழாவது எட்டாவது ஃப்ரெட்டுகளின் மேல் எவ்வளவு இடைவெளி தெரிகிறது என்று மெல்லிய உலோகத் தகட்டைச் செருகிப் பார்த்தார்; அது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். திருகிய உடனே மரம் கீழ்ப்படிந்துவிடுவதில்லை என்பதால் அன்றைக்கு அதோடு நிறுத்தி, மறுநாள் மறுபடியும் பார்த்த பிறகே, ப்ரிட்ஜில் தந்திகளைத் தாங்கும் சேடில்களின் உயரத்தில் கை வைத்தார். பத்து மணிக்குக் கோணலாக இருந்ததைப் பத்தே காலுக்கு நேராக்கிவிட நினைக்கிற நம் சீர்திருத்தக்காரர்களை எண்ணிக்கொண்டேன்.

வில்லிலும் யாழிலும் உள்ளதுபோல ஒன்றுக்கொன்று எதிராக இழுக்கும் இழுவையிலேயே இசைவு நிற்கிறது என்று கிரேக்க ஞானி ஹெராக்ளீட்டஸ் கண்டது இங்கே பிரத்தியட்சம். இதுவரையில் சிம்மியாஸின் பக்கம்தான் வெற்றி. சுருதி என்று மேலிருந்து இறங்கிவந்த பொருள் ஏதும் இல்லை. எஃகும் மரமும் ஒன்றையொன்று விட்டுக்கொடாமல் நிற்கிற நிலைக்கே அந்தப் பெயர். மழைக்காலத்து ஈரம் பட்டால் அந்த நிலை தளர்கிறது. தந்தியை அறுத்தால் அது இல்லை.

ஆனால் அடுத்து நடந்த வேலையில்தான் உபமானம் திரும்பிக்கொண்டது. ப்ரிட்ஜில் ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனி சேடில் உண்டு. அதை முன்னும் பின்னும் நகர்த்தித் தந்தியின் நீளத்தைச் சரிசெய்வதற்கு இன்டொனேஷன் என்று பெயர். பேஸில் நட்டிலிருந்து சேடில் வரையில் தந்தியின் நீளம் வழக்கமாக 34 அங்குலம்; அதன் நேர்பாதியில் பன்னிரண்டாவது ஃப்ரெட் இருக்கிறது. அங்கே தந்தியை அழுத்தாமல் தொட்டு மீட்டினால் எழும் மேல்ஸ்தாயி ஒலியும், அழுத்தி மீட்டினால் எழும் ஒலியும் ஒன்றாக இருக்க வேண்டும். கணக்குப்படி ஒன்றாகத்தான் இருக்க வேண்டும், இருப்பதில்லை. ஏனெனில் அழுத்துகிற விரலே தந்தியைச் சற்று நீட்டிச் சுருதியை ஏற்றிவிடுகிறது. தடித்த தந்தி தன் விறைப்பினால் இன்னும் சிறிது ஏற்றுகிறது. ஆகவே சேடிலைப் பின்னுக்குத் தள்ளித் தந்தியின் நீளத்தைக் கூட்ட வேண்டியிருக்கிறது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் சரிசெய்தால் மூன்றாவதில் இம்மியளவு விலகுகிறது. மூன்றாவதைச் சரிசெய்தால் பதினைந்தாவது விலகுகிறது. வீணையில் மேளம் கட்டுகிறவர், மெழுகின் மேல் நிற்கும் இருபத்துநான்கு மெட்டுகளையும் காதினால் ஒவ்வொன்றாக நகர்த்தி நிறுத்துவார். கிட்டாரின் ஃப்ரெட்டுகளோ மரத்தில் அறையப்பட்டவை, அசையாதவை.

அசையாதபடி அறையப்பட்ட அந்த ஸ்தானங்களும் எந்த அளவுகோலின்படி அறையப்பட்டன என்று பார்த்தால், சமரசம் ஒன்று அடியிலேயே கிடக்கிறது. ஷட்ஜத்திலிருந்து பஞ்சமம், அந்தப் பஞ்சமத்தை ஷட்ஜமாகக் கொண்டு அதன் பஞ்சமம் என்று பன்னிரண்டு முறை ஏறினால், ஏழு ஸ்தாயிகளுக்கு மேலே புறப்பட்ட ஷட்ஜத்தையே அடைந்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் சுத்தமான பஞ்சமங்களால் ஏறியவன், ஓர் அரைஸ்வரத்தின் ஏறக்குறைய கால் பங்கு உயர்ந்து வேறிடத்தில் போய் நிற்பான். மூன்றின் அடுக்கு எதுவும் இரண்டின் அடுக்கு ஆகாது என்ற கணித நியதியை எந்தத் தச்சனும் மாற்ற முடியாது. இந்த மிச்சத்துக்குப் பிதகோரஸின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். அந்தப் பிதகோரஸின் வழிவந்த பிலோலாஸிடம்தான் சிம்மியாஸ் தீப்ஸில் பாடம் கேட்டிருந்தான். மிச்சத்தை ஓரிடத்தில் குவியவிடாமல் பன்னிரண்டு ஸ்வரங்களுக்கும் சமமாகப் பங்கிட்டுவிடும் கணக்கைச் சீன தேசத்து இளவரசர் ஜூ ஜாயூ 1584-இல் எழுதினார். ஃபுல்லர்ட்டனில் ஃப்ரெட் அறைந்தவர்கள் பின்பற்றியதும் அப்படிப்பட்ட கணக்குத்தான். அதன் விளைவாகப் பஞ்சமம் பெயருக்குத்தான் குறைகிறது. அந்தர காந்தாரமோ சுத்த நிலையிலிருந்து ஓர் அரைஸ்வரத்தின் நூற்றில் பதினான்கு பங்கு உயர்ந்தே நிற்கிறது. எவ்வளவு விலை கொடுத்தாலும், எவ்வளவு கைதேர்ந்தவரிடம் கொடுத்தாலும், முற்றும் சுருதி சேர்ந்த பேஸ் கிட்டார் என்று ஒன்று உலகத்தில் இல்லை.

அப்படியானால் பெரியவர் எதைக் குறிவைத்துச் சேடிலை நகர்த்தினார்? மரத்திலும் தந்தியிலும் இல்லாத, இருக்க முடியாத ஒரு பூரணத்தைக் காதில் வைத்துக்கொண்டு, கையில் உள்ளது அதற்கு எவ்வளவு குறைகிறது என்று பார்த்தல்லவா நகர்த்தினார்? இதில் ஒரு விசித்திரம்: இந்த வாதத்தைப் பிளேட்டோ அதே சம்வாதத்தில், சிம்மியாஸ் தன் ஐயத்தை எழுப்புவதற்குச் சற்று முன்னரே ஸாக்ரடீஸின் வாயில் வைத்துவிட்டார். சமமாகத் தோன்றும் இரண்டு கட்டைகளைப் பார்க்கும்போது அவை முழுச் சமத்துவத்துக்குக் குறைகின்றன என்று நமக்குத் தெரிகிறதே, கண்ணால் ஒருபோதும் கண்டிராத அந்தச் சமத்துவத்தை எங்கிருந்து அறிந்தோம் என்று அவர் கேட்கிறார். கட்டைக்குச் சொன்னது தந்திக்கும் பொருந்தும் என்பதைச் சிம்மியாஸ் கவனித்திருந்தால், தன் யாழைத் தானே கீழே வைத்திருப்பான். ஸாக்ரடீஸ் பின்னர் அவனுக்குச் சொன்ன விடைகளுள் ஒன்று, யாழும் நரம்பும் முன்னே தோன்றச் சுருதி இறுதியில் தோன்றுகிறது, ஆன்மாவோ உடம்புக்கு முற்பட்டது என்பது. இந்த விடையை நான் முழுமையாக ஏற்க மாட்டேன். காலத்தில் சுருதி பிந்தியதாயினும், சங்கற்பத்தில் அது முந்தியது; முதல் ஃப்ரெட்டை நட்டிலிருந்து ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் அறைவதென்று தச்சன் தீர்மானித்தபோதே, இன்னும் பூட்டப்படாத தந்தியின் சுருதி அந்தத் தீர்மானத்தில் இருந்தது. பாகங்கள் சுருதியைப் பெற்றன என்பதோடு, சுருதிக்காகவே பாகங்கள் இந்த அளவைப் பெற்றன என்பதும் உண்மை.

செவியின் பங்கு அளவுகோலோடு நின்றுவிடுவதும் இல்லை. பேஸின் தந்திகளுள் மிகத் தடித்தது விநாடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. சிறிய ரேடியோப் பெட்டியின் ஒலிபெருக்கி அவ்வளவு கீழான அதிர்வை உண்டாக்க வல்லதன்று. அதிலிருந்து வெளிப்படுவன 82, 123, 164 என்று அதன் மடங்குகளான மேல் அதிர்வுகள் மட்டுமே. ஆயினும் கேட்கிறவன் காதில் 41-க்கு உரிய சுருதியே விழுகிறது. அடியில் இல்லாத ஸ்வரத்தை மேலே உள்ளவற்றின் உறவிலிருந்து செவியும் மூளையும் தாமே ஊகித்து நிரப்பிக்கொள்கின்றன. 1840-களில் ஜெர்மானிய அறிஞர் சீபெக் இந்த விஷயத்தைச் சோதனையினால் காட்டியபோது, ஓம் என்ற பெளதிக அறிஞர் அதை ஒப்ப மறுத்து நெடுநாள் வாதம் செய்தார். ஓமின் தயக்கம் இயல்பானதே. பெட்டியில் பிறக்காத ஸ்வரம் ஒன்று கேட்கிறவனிடத்தில் பிறக்கிறது என்றால், சுருதியை வாத்தியத்தின் குணமென்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

இனிப் பெரியவரின் வார்த்தைக்கு வருகிறேன். தந்தி ஃப்ரெட்டுக்கு மேல் எவ்வளவு உயரத்தில் நிற்பது சரி என்ற கேள்விக்கு வாத்தியத்தைப் பார்த்து விடை சொல்ல முடியாது. மெல்லிய கைக்குத் தந்தி தாழ்ந்திருக்கலாம். ஓங்கி மீட்டுகிற கைக்கு அதே தாழ்வு கறகறப்பாகிவிடும். டெட்ராய்ட் நகரில் மோட்டவுன் கம்பெனியின் எண்ணற்ற பாடல்களுக்குப் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்ஸனின் 1962-ஆம் வருஷத்துப் பிரெசிஷன் பேஸில் தந்திகள் மற்றவர் வாசிக்க முடியாத உயரத்தில் நின்றன என்றும், அறுந்தாலொழிய அவர் தந்தியை மாற்றியதில்லை என்றும் சொல்வார்கள். ஆள்காட்டி விரல் ஒன்றினாலேயே அவர் அத்தனையையும் வாசித்தார். இன்றைய செட்டப் இலக்கணத்தின்படி அந்த வாத்தியம் தேறாது. அது ஜேமர்ஸனுக்குச் சரியாக இருந்தது. அதற்கு மேல் அதில் 'சரி' என்று ஒன்றும் இல்லை.

பல பாகங்கள் கூடிய சங்காதம் எதுவும் தனக்காக இல்லை, பிறிதொன்றுக்காகவே இருக்கிறது. ஆகையால் அந்தச் சங்காதத்துக்கு வேறான புருஷன், அதாவது ஆன்மா, உண்டு என்று ஈசுவரகிருஷ்ணர் தம்முடைய ஸாங்க்ய காரிகையின் பதினேழாம் சுலோகத்தில் கூறுகிறார். கட்டிலைக் காட்டி இந்த நியாயத்தை விளக்குகிற உரைகாரர்களைவிட, ஆக்‌ஷன் வைப்பதற்கு முன் வாசிக்கிற கையைப் பார்த்த தொழிலாளி எனக்கு அதை நன்றாக விளக்கினார். சிம்மியாஸ் யாழை மட்டும் பார்த்தான். அது யாருக்காகச் சுருதி கூட்டப்பட்டது என்று கேட்கவில்லை. உடம்பின் பூதங்கள் உரிய அளவில் கலந்திருக்கின்றன என்றால், எதற்கு உரிய அளவு, யாருக்கு உரிய அளவு என்ற கேள்வி உடனே எழுகிறது. ஆன்மாவைச் சுருதியென்று கொள்வதைவிட, எதன்பொருட்டு அந்தச் சுருதி கூட்டப்பட்டதோ அந்தப் போக்தாவாக, அனுபவிப்பவனாகக் கொள்வது பொருத்தம். வீணையின் நாதத்தை வெளியே துரத்திப் பிடிக்க முடியாது, வீணையையோ வாசிப்பவனையோ பற்றினால்தான் நாதம் பற்றப்படும் என்று பிருஹதாரண்யக உபநிஷதத்தில் யாக்ஞவல்கியர் தம் மனைவி மைத்ரேயிக்குச் சொல்லும்போது, வாசிப்பவனையும் சேர்த்துச் சொல்வது தற்செயலன்று.

இத்தோடு வழக்கு முடிந்துவிட்டதென்று எழுந்துவிட முடியாதபடி பெளத்தர்கள் வழியை மறித்து நிற்கிறார்கள். புத்தரும் வீணையும் என்றவுடன் எல்லோரும் சோணன் என்னும் பிக்குவுக்குச் சொன்ன உபதேசத்தையே எடுத்துக்காட்டுவார்கள். தந்தி மிக முறுக்கேறியும் கூடாது, மிகத் தளர்ந்தும் கூடாது என்ற அந்த நல்லுரை முயற்சியின் அளவைப் பற்றியது, நம் கேள்வியைத் தொடுவதில்லை. தொடுவது ஸம்யுத்த நிகாயத்தில் உள்ள இன்னொரு வீணைக் கதை. வீணையை ஒருபோதும் கேட்டிராத அரசன் ஒருவன் அதன் நாதத்தில் மயங்கி, அந்த நாதத்தைக் கொண்டுவாருங்கள் என்கிறான். வீணையைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். இது வேண்டாம், நாதம்தான் வேண்டும் என்கிறான். பத்துத் துண்டாகவும் நூறு துண்டாகவும் உடைத்துப் பார்க்கிறான், சிராய்களாக்குகிறான், எரித்துச் சாம்பலைக் காற்றில் தூற்றுகிறான், நாதம் கிடைக்கவில்லை. 'நான்', 'எனது' என்று தேடுகிறவன் கதியும் இதுவே என்பது புத்தரின் கருத்து. இதில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அரசனின் அறியாமையன்று. வீணையைக் கொண்டுவந்தவர்கள் அவனுக்குச் சொல்லும் விளக்கம். பத்தர், தோல், தண்டு, தந்தி, மீட்டுகோல் என்று நாதத்துக்குக் காரணமான பாகங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிற அவர்கள், அதே வரிசையின் கடைசியில், அதே மூச்சில், ஒரு மனிதனுடைய தக்க முயற்சி என்று சேர்த்துவிடுகிறார்கள். வாசிப்பவன் சங்காதத்துக்கு வெளியே நிற்கும் எஜமானன் அல்லன். தோலையும் தந்தியையும் போல அவனும் ஒரு பாகம். பிருஹதாரண்யகம் தனியே உயர்த்தி வைத்தவனை இந்தச் சூத்திரம் பட்டியலுக்குள்ளே இறக்கிவைத்துவிடுகிறது.

கிட்டாரை மடியில் வைத்திருக்கும் பையனைப் பார்த்தால் பெளத்தர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவன் கைக்கு ஏற்ப ஆக்‌ஷன் வைக்கப்பட்டது உண்மை. ஆனால் அந்த ஆக்‌ஷனுக்கு ஏற்ப அவன் கையும் மாறத் தொடங்கிவிட்டதே. பழைய வாத்தியத்தில் முரட்டுத்தனமாக இழுத்துப் பழகிய விரல்கள் புதியதில் மெள்ள மெள்ள மென்மையாகின்றன. விரல் நுனியில் தோல் தடிக்கிறது. காதும், சமரசமான அந்தர காந்தாரத்தையே கேட்டுக் கேட்டு அதுதான் சுத்தமென்று எண்ணிக்கொள்ளும் அபாயம் இருக்கிறது. வாத்தியம் யாருக்காகவோ அவனையும் வாத்தியம் செப்பனிட்டுவிடுகிறது என்றால், அவனும் சங்காதத்தின் ஓர் உறுப்பே என்று சொல்லத் தடை என்ன?

தடை ஒன்று இருப்பதாகவே நான் நினைக்கிறேன். கை மாறுகிறது, காது மாறுகிறது, விருப்பமும் மாறுகிறது. ஆனால் மாறியது என்று அறிகிற அறிவு அந்த மாற்றங்களோடு சேர்ந்து அடித்துக்கொண்டு போய்விடுவதில்லை. காந்தாரம் உயர்ந்திருக்கிறது என்று நேற்றுக் குறை கண்டவன், இன்று குறை தெரியவில்லையே என்று வியக்கும்போது, நேற்றையும் இன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற ஒன்று அங்கே இருக்கிறது. தோலும் தந்தியும் தங்கள் குறையைத் தாங்கள் அறிவதில்லை. வீணையைக் கொண்டுவந்தவர்களின் பட்டியலில் மற்றப் பாகங்களுக்கும் மனித முயற்சிக்கும் உள்ள வேற்றுமை இதுதான். பட்டியல் போட்டவர்களும் அந்தப் பட்டியலுக்குள் அடங்காதவர்களாகவே நின்று போட்டார்கள். ஆகவே ஸாங்க்யர் பக்கமே என் மனம் சாய்கிறது. ஆனால் இதனால் நான் பெற்றது எவ்வளவு என்பதையும் அளவாகவே சொல்ல வேண்டும். கேட்கிறவன் சுருதிக்கு வேறானவன் என்பது வரையில் இந்த வாதம் கொண்டுவந்து விடுகிறது. வாத்தியம் உடைந்த பின் அவன் இருப்பானா என்பதைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. சிம்மியாஸ் அன்று கேட்டது அதைத்தான்.

அவனுடைய தோழன் சீபெஸ் இந்த ஓட்டையை அப்போதே கண்டுகொண்டான். ஆன்மா உடம்புக்கு வேறானது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நெசவாளி தன் ஆயுளில் எத்தனையோ ஆடைகளை நெய்து உடுத்துக் கிழித்தாலும், கடைசியாக நெய்த ஆடை அவனுக்குப் பின்னும் கிடக்கிறதே, அதுபோல ஆன்மாவும் பல உடல்களைத் தேய்த்துவிட்டுக் கடைசி உடலுக்கு முன்னே தான் மாய்ந்துபோகலாகாதா என்பது அவன் கேள்வி. பேஸ் வாத்தியக்காரர்கள் இதை வாழ்க்கையிலேயே கண்டவர்கள். ஜேகோ பாஸ்டோரியஸ் என்பவர் ஃப்ரெட்டுகள் நீக்கப்பட்ட தம்முடைய 'ஜாஸ் பேஸ்' வாத்தியத்தின் பள்ளங்களை அடைத்து, படகுக்குப் பூசும் பிசினை அதன்மேல் பூசி, ஸ்வர ஸ்தானத்தைக் காதினாலேயே தேடி வாசித்தவர். 1986-இல் அந்த வாத்தியம் களவு போயிற்று. அடுத்த ஆண்டு, முப்பத்தைந்து வயதில் அவர் மாண்டார். பல ஆண்டுகளுக்குப் பின் வாத்தியம் அகப்பட்டது. இன்றும் இருக்கிறது, தந்தி பூட்டினால் ஒலிக்கிறது. சிம்மியாஸுக்குச் சிறிது நேரத்தில் விடை சொல்லி முடித்த ஸாக்ரடீஸ், சீபெஸின் கேள்விக்கு வந்தவுடன் நெடுநேரம் பேசாமல் தமக்குள் ஆழ்ந்திருந்ததாகவும், பிறகு, தோற்றம் அழிவு இவற்றின் காரணத்தையே முழுவதும் ஆராய்ந்தாக வேண்டுமென்று சொல்லி, தம் இளம்பருவத்தில் இயற்கை விசாரத்தில் இறங்கிய கதையிலிருந்து தொடங்கியதாகவும் பிளேட்டோ எழுதியிருக்கிறார். அந்த விசாரணைக்கு யாழ் போதாது. வேறு திருஷ்டாந்தம் தேட வேண்டும்.